மஞ்சளில் இறங்கி, சிவப்பைத் தாண்டிப் போகும் தேனீ

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மட்டக்களப்பின் மணற்தரைகளில் மரமுந்திரிகை பூக்கத் தொடங்கும். வாழைச்சேனையிலிருந்து வாகரைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். ஒரு பூங்கொத்தை மெல்ல முகத்துக்கு நேரே வளைத்துப் பாருங்கள். இரண்டு நிறப் பூக்கள் கலந்து நிற்கும். இன்று விரிந்தவை வெளிறிய வெள்ளை, இதழில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. நேற்றும் முந்தாநாளும் விரிந்தவை முழுக்கச் சிவந்திருக்கும், ஆனால் உதிர்ந்திருக்காது. இந்தக் கொத்தில் ஒரு தேனீ வந்து இறங்குவதை நான் பல காலைகளில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளையில் இருக்கிறது, அங்கிருந்து அடுத்த வெள்ளைக்குப் போகிறது. ஒரு விரல் தூரத்தில் நிற்கும் சிவந்த பூவைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. வெள்ளை முடிந்ததும் வேறு கிளைக்குப் பறந்துவிடுகிறது.

தேனீக்கு அந்தச் சிவப்பு எதையோ சொல்கிறது என்பது பார்த்தாலே விளங்கும். எனக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றுவது மரத்தின் பக்கம்தான். வேலை முடிந்த பூவை உதிர்த்துவிட்டால் போயிற்றே. இதழை வாடாமல் வைத்திருக்கத் தண்ணீர் வேண்டும். நிறத்தை மாற்றப் புதிதாகச் சாயப்பொருள் செய்ய வேண்டும். தண்ணீர் நிற்காத மணலில் வேர்விட்ட மரம் இந்தச் செலவை எதற்காகச் செய்கிறது?

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் தெளிவாகப் பதில் சொன்னவர் பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் முல்லர். டார்வினோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அவர் பார்த்த செடி நமக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றின் குலத்தைச் சேர்ந்தது: நாயுண்ணி. எங்கள் பக்கம் வயல் ஓரம், தெருக்கரை, கைவிட்ட வளவு என்று எங்கும் பற்றையாக மண்டிக் கிடக்கும். அதன் கறுத்த பழத்தைத் தின்று நாக்கு நிறம் மாறாத பிள்ளைகள் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் குறைவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

முல்லர் எழுதியது 1877இல் டார்வின் மூலமாக நேச்சர் இதழில் வந்தது. பூ மூன்று நாள் நிற்கிறது. முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் செம்மஞ்சள், மூன்றாம் நாள் ஊதா. வண்ணாத்திப்பூச்சிகளில் சில இனங்கள் மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் மட்டும் தும்பிக்கையை விட்டன, சில மஞ்சளைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஊதாவை எதுவும் தொட்டு அவர் காணவில்லை. அதிலிருந்து அவர் இரண்டு பக்கமும் நின்று யோசித்தார். முதல் நாளே பூ உதிர்ந்துவிட்டால் கொத்து சிறுத்துப்போய்த் தூரத்தில் கண்ணில் படாது. நிறம் மாறாமல் அப்படியே நின்றாலோ, ஏற்கெனவே கருவுற்ற பூக்களில் பூச்சி நேரத்தை வீணாக்கும். பழையதை வைத்திரு, ஆனால் பழையது என்று காட்டு என்பதுதான் செடியின் வழி. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சோதித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த யோசனையைத்தான்.

முல்லருக்கும் முன்பே, 1793இல், ஜெர்மனியில் ஸ்பிரெங்கல் என்ற ஆசிரியர் குதிரைக்கொட்டை மரத்தின் பூவில் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளி பின்னர் சிவப்பாவதைக் கவனித்திருந்தார். 1991இல் மார்த்தா வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறம் மாறும் பூக்களைத் தொகுத்தபோது, 70க்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் அது இருப்பது தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் அவை. அதாவது, இதே வழியைச் செடிகள் தனித்தனியாகப் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. நம் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்: நாயுண்ணி, மரமுந்திரிகை, பூவரசு, மாவிலங்கை, காத்தோட்டி, பருத்தி, வாசல் பந்தலில் ஏறும் ரங்கூன் மல்லி.

சரி, இந்த நிறங்களைத் தேனீ எப்படிப் பார்க்கிறது? நம் கண்ணை வைத்து யோசித்தால் இங்கே தவறிவிடுவோம். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை 1914இல் கார்ல் வான் ஃபிரிஷ் நிறுவினார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார். பிறகு தண்ணீரை எடுத்த பின்பும் தேனீக்கள் நீலத்துக்கே வந்தன. நமக்கும் தேனீக்கும் நிற உணர்விகள் மூன்று வகைதான், ஆனால் அவை நிற்கும் இடம் வேறு. தேனீயின் மூன்றும் சுமார் 344, 436, 544 நனோமீற்றர் அலைநீளங்களில் உச்சம் கொள்கின்றன. புற ஊதா, நீலம், பச்சை என்று சொல்லலாம். சிவப்புக்கென்று தனி உணர்வி கிடையாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் சுத்தச் சிவப்பு தேனீக்கு மங்கிய இருட்டு மாதிரித்தான்.

இப்போது நாயுண்ணியைத் தேனீயின் கண்ணால் பாருங்கள். மஞ்சள் பூ பச்சை உணர்வியைத் தூண்டுகிறது. அதே பூ கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஆகும்போது பச்சைப் பகுதியின் ஒளி குறைந்து நீலப் பகுதி மிஞ்சுகிறது. நமக்கு அது மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஒரு மெல்லிய நகர்வு. தேனீக்கோ ஒரு உணர்வியின் பக்கத்திலிருந்து இன்னொன்றின் பக்கத்துக்குத் தாவல். இதில் நடக்கும் இரசாயனம் சிக்கலானதல்ல. மஞ்சள் சாயமான கரோட்டினாய்டு இதழில் முதலே இருக்கிறது, அதன் மேல் அந்தோசயனின் என்ற சிவப்பு-ஊதாச் சாயம் படிப்படியாகச் சேருகிறது.

நிறம் தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதும் முக்கியம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மார்ட்டின் ஜியூர்ஃபாவும் கூட ஆய்வு செய்தவர்களும் 1990களில் தேனீக்களைப் பழக்கி அளந்தார்கள். ஒரு பொருள் தேனீயின் கண்ணில் ஏறத்தாழ 15 பாகைக் கோணமாவது பிடித்தால்தான் அதன் நிறம் தெரிகிறது. அதற்கும் சிறிதாக, 5 பாகை வரை, பச்சை உணர்வி மட்டும் வேலை செய்கிறது. அந்தத் தூரத்தில் நிறம் இல்லை, பின்னணியிலிருந்து வேறுபட்டு ஏதோ நிற்கிறது என்ற அளவே.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாயுண்ணியின் ஒரு பூக்கொத்து சுமார் 3 சென்டிமீற்றர் அகலம். அதைத் தேனீ சுமார் 34 சென்டிமீற்றர் தூரத்தில் கண்டுகொள்ளலாம், நிறத்தோடு பார்க்க 11 சென்டிமீற்றருக்குள் வர வேண்டும். கொத்திலுள்ள ஒற்றைப் பூவோ 7 மில்லிமீற்றர்தான். அது மஞ்சளா ஊதாவா என்று தனியாகப் பிரித்தறிய 3 சென்டிமீற்றருக்கும் உள்ளே போக வேண்டும். அதாவது, தேனீ ஏறத்தாழ பூவின் மேலேயே வந்துவிட்ட பிறகுதான் ‘இது வேண்டாம்’ என்ற முடிவு சாத்தியம். இந்த அளவுகள் ஐரோப்பியத் தேனீயில் எடுக்கப்பட்டவை. நம் பொந்துத்தேனீ அதைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் ஒரே குலம். எண்கள் கொஞ்சம் மாறலாம், ஒழுங்கு மாறாது.

தூரத்துக்கு ஒரு செய்தி, பக்கத்துக்கு ஒரு செய்தி என்று முல்லர் யோசித்தது இந்தக் கண்ணுக்கு அப்படியே பொருந்துகிறது. எட்ட நிற்கும் தேனீக்குப் புதியது பழையது தெரியாது, கும்பல்தான் தெரியும். கிட்ட வந்ததும் வேறுபாடு தெரிகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பல விளக்கங்கள் இதை மேலோட்டமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. எட்டத்தில் வேலை செய்வது பச்சை உணர்வி. சிவந்த பூ அந்த உணர்வியை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அப்படியென்றால் முழுக்கச் சிவந்த பூவால் எட்டத்துக் கும்பலுக்கு எவ்வளவு கனம் சேரும்?

மார்த்தா வைஸ் கண்ட இன்னொரு ஒழுங்கு இதற்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். தேனீக்களை நம்பியிருக்கும் செடிகளில் முழுப் பூவும் மாறுவதைவிட ஒரு சிறு பகுதி மட்டும் மாறுவதே அதிகம். வண்ணாத்திப்பூச்சிகளை நம்பியவற்றில் முழுப் பூவும் மாறுவது சாதாரணம். அவற்றில் பல இனங்களுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் லூபின் செடியில் மேல் இதழிலுள்ள ஒரு வெளிறிய பொட்டு மட்டும் கருஞ்சிவப்பாகிறது, மீதிப் பூ அப்படியே நிற்கிறது. வண்டுத்தேனீக்கள் (ஆங்கிலத்தில் bumblebee எனப்படும், உடல் பருத்த, மயிரடர்ந்த தேனீக்கள்) பொட்டு மாறாத பூக்களையே தேடிப் போகின்றன. எங்கள் பற்றைக்காட்டில் இதற்கு ஓர் உதாரணம் காட்டலாம் என்றால் காத்தோட்டி. வெள்ளை இதழின் அடியில் இருக்கும் மஞ்சள் பொட்டு, பூ பழகப் பழகக் கருஞ்சிவப்பாகும். காயைப் பறித்துக் கறி வைக்கிற கைகள் பூவை ஒரு தரம் திருப்பிப் பார்த்தால் இது தெரியும்.

இதெல்லாம் சொன்ன பிறகும், நிறம் தேனீக்கு உத்தரவு போடுவதாக நினைத்துவிடக் கூடாது. கூட்டிலிருந்து முதன்முதலாக வெளியே வரும் தேனீக்கு ‘சிவந்தால் தேன் இல்லை’ என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறவியிலேயே அதற்கு இருப்பது நீலம், ஊதா பக்கம் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். நாயுண்ணியில் அந்தச் சாய்வு அதைத் தவறான பூவுக்கே கூட்டிப் போகலாம். போய், நாக்கை நீட்டி, ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. பக்கத்து மஞ்சளில் தேன் கிடைக்கிறது. ஒரு சில முறை இப்படி நடந்தாலே போதும், தேனீ பிடித்துக்கொள்கிறது. நிறங்களைத் தேனோடு சேர்த்து நினைவில் வைப்பதில் தேனீ அவ்வளவு கெட்டிக்காரி. மரமுந்திரிகையில் வெள்ளையும் நாயுண்ணியில் மஞ்சளும் நல்லது என்று ஒரே வளவில் வெவ்வேறு செடிக்கு வெவ்வேறு பாடம் படிக்கவும் அதனால் முடியும். ஆக, நிறத்துக்குப் பொருள் கொடுப்பது தேனீயின் அனுபவம். செடி செய்ய வேண்டியது, நிறமும் தேனும் ஒன்றாக மாறும்படி பார்த்துக்கொள்வது மட்டுமே. பூ சிவந்த பின்னும் தேன் ஊறிக்கொண்டிருந்தால் அந்தச் சிவப்பை எந்தத் தேனீயும் தவிர்க்காது.

அந்த ஒத்திசைவு எப்படி வருகிறது என்பதில் நாயுண்ணி நல்ல பாடம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மோகன் ராம், மாத்தூர் ஆகிய இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தச் சேர்க்கைதான் நிறமாற்றத்தைத் தூண்டிவிடுகிறது என்று காட்டினார்கள். நாள் கணக்கில் தானாகச் சிவப்பது வேறு, மகரந்தம் சேர்ந்த செய்தி கிடைத்துச் சிவப்பது வேறு. முன்னது கிழமைக்கணக்கு மாதிரி, யார் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். பின்னது ஆள் வந்துபோனதும் வாசலில் போடும் அடையாளம்.

செடிக்கு இதில் இன்னொரு இலாபமும் உண்டு. தேனீ ஒரே செடியில் நெடுநேரம் சுற்றினால் அதன் மகரந்தம் அதன் பூக்களிலேயே அப்பிவிடும். விதை வாய்க்காது, அல்லது வாய்த்தாலும் வலுவாக இராது. ஜப்பானின் ஹொக்கைடோவில் வெய்கேலா என்ற மலைச்செடியில் இதைப் பார்த்தார்கள். பூவின் உள்ளேயுள்ள மஞ்சள் அடையாளம் சிவப்பாகிவிடுவதால் வண்டுத்தேனீ கொத்திலுள்ள எல்லாப் பூக்களிலும் நுழைந்து பார்ப்பதில்லை. புதியவற்றை முடித்துக்கொண்டு மகரந்தத்தோடு அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. பெரிய கும்பலாகத் தோன்றி அழைக்கவும் வேண்டும், வந்தவரை நெடுநேரம் உட்கார வைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே சாயத்தில் செய்துவிடுகிறது அந்தச் செடி.

இந்த வரிசையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2017இல் மக்கினோ, ஓஹாஷி என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை. செயற்கைப் பூக்களை வைத்து, வண்டுத்தேனீக்களைத் திரும்பத் திரும்ப வரவிட்டுப் பார்த்தார்கள். தேனில்லாத பழைய பூக்களை நிறம் மாற்றாமல் வைத்திருந்த ‘செடிகளை’ அனுபவமுள்ள தேனீக்கள் இடத்தோடு நினைவில் வைத்து ஒதுக்கின. பூவை அல்ல, செடியையே. நிறம் மாற்றிய செடிகளுக்கு அந்தக் கதி வரவில்லை. நம் தெருவில் இரண்டு பாண் கடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய ஏதோ அடுக்கியிருக்கும், உள்ளே போய்க் கேட்டால் பாண் முடிந்துவிட்டது என்பார்கள். மற்றக் கடையில் முடிந்ததும் பலகையைத் திருப்பி வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் முதல் கடைக்கு அலைந்தவர் பிறகு அந்தப் பக்கமே சைக்கிளைத் திருப்பமாட்டார். முல்லர் யோசித்தது அன்றைய ஒரு வருகையைப் பற்றி. இந்தச் சோதனை நாளைய வருகையைப் பற்றி. தேனீ நாள்தோறும் அதே பாதையில் வருகிற வாடிக்கையாளர் என்பதால், என் பார்வையில் இதுதான் கனமான காரணம்.

எல்லா நிறமாற்றமும் தேனீக்கு எழுதிய கடிதம் என்று நினைத்தால் அதுவும் தவறாகும். வாவிக்கரை நெடுகப் பூவரசு நிற்கிறது. வேலிக்குக் கதியாலாக நட்டதும் மரமாகி நிற்கிறது. காலையில் அதன் பூ எலுமிச்சை மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது சாயும்போது செம்மை ஏறி, கடைசியில் ஊதா கலந்த சிவப்பாகிச் சுருங்கிவிடும். பார்க்க அழகான மாற்றம். ஆனால் அது முற்றும்போது அன்றைய தேனீக்கள் அநேகமாகக் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். அடுத்த நாள் காலை சுருங்கித் தொங்கும் சிவந்த பூ, விரிந்த மஞ்சள் பூவிலிருந்து வடிவத்திலேயே வேறுபடுகிறது. நிறம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூப்பின் சாயம் மட்டுமே இது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பக்கத்தில் புதியதும் பழையதும் ஒரே வடிவில் விரிந்து நிற்க வேண்டும், நிறம் மாறும்போதே தேனும் வற்ற வேண்டும், பூச்சி அதை வைத்துத் தெரிவு செய்ய வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் அதைச் செய்தி என்று கொள்ளலாம்.

ரங்கூன் மல்லியின் கதை வேறு. மாலையில் வெள்ளையாக விரிந்து இரவில் நீண்ட நாக்குள்ள பருந்து அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. விடிந்தபின் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்து, பகலில் தேனீயையும் வண்ணாத்திப்பூச்சியையும் பார்க்கிறது. இங்கே நிறமாற்றம் கடையை மூடவில்லை, ஆட்களை மாற்றுகிறது.

தேனீ என்று பொதுவாகச் சொன்னாலும் நம் பக்கம் ஒரே வகை அல்ல. இலங்கையில் சுமார் 150 வகைத் தேனீக்கள் பதிவாகியிருக்கின்றன. வாகரைப் பக்கமும் அம்பாறைக் காடுகளிலும் பெரிய மரக்கிளைகளில் தொங்கும் பெருந்தேனீ, பற்றைக்குள் கூடு கட்டும் கொம்புத்தேனீ, பொந்தில் வாழ்வது, சுவர் வெடிப்பில் குடியிருக்கும் கொசுத்தேனீ, காய்ந்த மரத்தைத் துளைக்கும் கருவண்டு என்று ஆளுக்கு ஒரு தொழில். பூவின் அடியில் துளையிட்டுத் தேனை உறிஞ்சும் கருவண்டுக்கு முகப்பு நிறத்தால் பெரிய பயன் இல்லை. மகரந்தம் மட்டும் பொறுக்க வரும் சிறிய தேனீ பழைய பூவையும் ஒரு கை பார்க்கலாம். இன்னொரு துணையும் உண்டு: தேனீ தான் போய்வந்த பூவில் மெல்லிய வாசனையை விட்டுச் செல்கிறது, அடுத்து வருவது அதை முகர்ந்து ஒதுங்குகிறது. அந்த வாசனை சிறிது நேரத்தில் போய்விடும். நிறம் நாள்கணக்கில் நிற்கும்.

மரமுந்திரிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதில் நேரடியாக ஒன்று இருக்கிறது. ஒரு கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், காய்க்கக்கூடிய இருபால் பூக்கள் குறைவு, அவை புதிதாக இருக்கும் சில மணி நேரம்தான் தேனீயின் வேலைநேரம். பூக்காலத்தில் தேயிலை நுளம்பு என்ற சாறுறிஞ்சிப் பூச்சி வந்துவிட்டால் மருந்தடிக்கத்தான் செய்வோம். அதைக் காலையில், வெள்ளைப் பூக்கள் விரிந்து தேனீ நிற்கும்போது அடிப்பது நம் காய்க்கு நாமே அடிப்பது. பொழுது சாய்ந்து தேனீ போன பிறகு அடியுங்கள்.

நாயுண்ணியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையாகப் பார்த்து, விரியப்போகும் இரண்டு கொத்துகளில் நிற நூல் கட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதை நெருக்கமான மெல்லிய துணியால் மூடுங்கள். நுளம்பு வலை போதாது, இலைப்பேன் மாதிரியான நுண்ணிய பூச்சிகள் உள்ளே போய்ச் சேர்க்கையை நடத்திவிடும். மூன்றாம் நாள் காலையில் துணியை அவிழ்த்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, எத்தனை பூக்கள் இன்னும் மஞ்சளாக நிற்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்று, முதலில் வருகிற தேனீ எந்தக் கொத்தில் இறங்குகிறது என்று பாருங்கள்.